ஓநாய் ஆற்றைத் திருப்பியதா?

2014-ல் வெளியாகி இன்றுவரை வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வீடியோ உண்டு. ஐந்து நிமிஷம்கூட இல்லை. ‘ஹவ் வுல்வ்ஸ் சேஞ்ச் ரிவர்ஸ்’ என்று பெயர். பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜார்ஜ் மான்பியாட்டின் குரல். கதை இதுதான்: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1920-களோடு ஓநாய்களை ஒழித்துக்கட்டினார்கள். எல்க் மான்கள் பெருகி, ஆற்றங்கரையில் முளைத்த வில்லோ, ஆஸ்பென் தளிரையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. 1995-ல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மான்கள் பயந்து பள்ளத்தாக்குகளைவிட்டு விலகின, மரங்கள் எழுந்தன, பறவைகள் வந்தன, பீவர்கள் வந்து அணை கட்டின, கரைகள் உறுதிப்பட்டன, கடைசியில் ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது.

எனக்கு இதை இதுவரை ஏழெட்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பார்த்துவிடுகிறேன். அவ்வளவு நன்றாகச் சொல்லப்பட்ட கதை. பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கதையின் எலும்புக்கூடு நமக்கு ரொம்பப் பழக்கமானது. நல்ல அரசன் காட்டுக்குப் போனான், நாடு பாழானது. அவன் திரும்பி வந்தான், மாதம் மும்மாரி பெய்தது. சூழலியல் என்ற பெயரில் நாம் கேட்டுக்கொண்டிருப்பது செங்கோல் கதையை. ஒரே நாயகன், ஒரே காரணம், வரிசையாக விழும் சீட்டுக்கட்டு மாதிரி விளைவுகள். ஓர் உயிரினம் எவ்வளவு எண்ணிக்கையில் வாழும் என்பதை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு இயற்கை எழுத்து வைத்திருக்கும் பதில்கள் பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்தவைதான். அவற்றில் சிலவற்றை, ஒரு நாவலையோ சிறுகதையையோ படிப்பதுபோலப் பிரதியாகவே வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

யெல்லோஸ்டோனிலேயே ஆரம்பிப்போம். ஓநாய்கள் வந்த காலத்தில் பூங்காவின் வடக்கு மந்தையில் ஏறக்குறைய 19,000 எல்க் மான்கள் இருந்தன. 2013 வாக்கில் அது 4,000-க்கும் கீழே போய்விட்டது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் மலைச்சிங்கங்கள் திரும்பிவந்திருந்தன, கரடிகள் பெருகியிருந்தன, பூங்கா எல்லைக்கு வெளியே மனிதர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள், வறட்சியும் இருந்தது. வீடியோவில் கரடியைத் தவிர இவர்கள் யாருக்கும் வசனம் கிடையாது.

இன்னும் முக்கியமான ஆள் ஒருவர் விடுபட்டிருக்கிறார்: நிலத்தடி நீர். ஓநாய் இல்லாத அந்த எழுபது ஆண்டுகளில் வில்லோ குறைந்தது, வில்லோவை நம்பிய பீவர்களும் போயின, பீவர் அணைகள் போனதால் ஓடைகள் தம் படுகையை ஆழமாக அரித்துக்கொண்டு கீழே இறங்கின, நீர்மட்டமும் கூடவே இறங்கியது. இனி மான் மேயாவிட்டாலும் வேருக்குத் தண்ணீர் எட்டாது. 2001-ல் தொடங்கி டாம் ஹாப்ஸ், டேவிட் கூப்பர் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில இடங்களில் மான் நுழையாதபடி வேலி, சில இடங்களில் பீவர் கட்டுவதுபோலச் செயற்கை அணை, சில இடங்களில் இரண்டும். அணையும் வேலியும் சேர்ந்திருந்த இடத்தில்தான் வில்லோ தலைக்குமேல் வளர்ந்தது. மற்ற இடங்களில் இருபது வருஷம் ஆகியும் குட்டையாகவே நின்றது. வில்லியம் ரிப்பிள் போன்ற ஆய்வாளர்கள், ஓநாயின் விளைவு வலுவானதுதான் என்று இன்றும் வாதிடுகிறார்கள். சண்டை முடியவில்லை. ஆனால் எடுத்ததை அதே இடத்தில் வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற கதையின் உயிர்நாடி அந்த ஓடைக்கரைகளில் அறுந்துவிட்டது.

‘நல்ல விஷயத்துக்காகச் சொன்ன கதைதானே, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன தப்பு?’ன்னு கேட்கலாம். தப்பு இருக்கிறது. ஆற்றைத் திருத்துவதற்காகத்தான் ஓநாய் வேண்டும் என்று சொல்லி ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டு, நாளைக்கு ஆறு திருந்தவில்லை என்றால் என்ன சொல்வோம்? வேலையைச் சரியாகச் செய்யாத ஓநாயை மறுபடி சுடலாம் என்றா?

இந்தக் கதைக்கு ஒரு மூத்த வடிவம் உண்டு. ஆல்டோ லியோபோல்டு எழுதி, அவர் இறந்த மறுவருஷம் 1949-ல் வெளியான ‘எ சாண்ட் கவுண்டி அல்மனாக்’ நூலில் ‘திங்கிங் லைக் எ மவுண்டன்’ என்றொரு சின்னக் கட்டுரை. இளைஞனாக அரிசோனாவில் ஒரு தாய் ஓநாயைச் சுட்டுவிட்டு, அதன் கண்ணில் பச்சை நெருப்பு அணைவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதியிருப்பார். ஓநாய் இல்லாத மலையை மான்கள் மொட்டையாக்கும் என்பது அவர் கண்டடைந்த பாடம். இந்தப் பாடத்துக்குச் சாட்சியாக அவர் காலத்தில் எல்லோரும் சுட்டிக்காட்டியது கைபாப் பீடபூமி. கிராண்ட் கேன்யனுக்கு வடக்கே இருக்கிறது. 1906-ல் அதை வேட்டை விலங்குக் காப்பகமாக அறிவித்து, மலைச்சிங்கம், ஓநாய், கயோட்டி எல்லாவற்றையும் கொன்றார்கள். நாலாயிரமாக இருந்த மான்கள் 1924-ல் ஒரு லட்சமாகி, பிறகு பட்டினியில் செத்து மடிந்தன. லியோபோல்டு வரைந்த வரைபடம் பல பதிப்புகள் தாண்டிப் பாடப்புத்தகங்களில் வாழ்ந்தது.

1970-ல் கிரேம் காஃப்லி என்ற சூழலியலாளர் அந்த எண்களின் பூர்வீகத்தைத் தோண்டினார். அந்த ஒரு லட்சம் யாரும் எண்ணிய எண் அல்ல, பல மதிப்பீடுகளில் ஆக உயரமானது. அதே காலத்துக்கு முப்பதாயிரம் என்றும் மதிப்பீடு இருந்தது. தவிர, வேட்டைவிலங்குகளைக் கொன்ற அதே காலத்தில் பீடபூமியில் மேய்ந்துகொண்டிருந்த ஏராளமான செம்மறி ஆடுகளையும் மாடுகளையும் வெளியேற்றியிருந்தார்கள். புல்லும் தழையும் மிச்சமானதால் மான்கள் பெருகினவா, சிங்கம் இல்லாததால் பெருகினவா? யாருக்குத் தெரியும்? பாடப்புத்தகங்கள் கைபாப் கதையைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டன.

கதை இதோடு முடிந்திருந்தால் ‘கட்டுக்கதை அம்பலம்’ என்று இன்னொரு சுலபமான வகைமை ஆகியிருக்கும். இணையத்தில் அதற்கும் நல்ல மார்க்கெட் உண்டு. ஆனால் 2006-ல் டான் பிங்க்லியும் அவர் கூட்டாளிகளும் கைபாபின் ஆஸ்பென் மரங்களுடைய வயதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மான்கள் உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டுகளில் முளைத்துத் தப்பிய மரங்கள் மிகவும் குறைவு. அதாவது எண் தப்பாக இருக்கலாம், ஆனால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. லியோபோல்டு பாதியாவது சரி. எனக்கு அவருடைய கட்டுரை இன்றும் பிடிக்கும். மான் கணக்குக்காக அல்ல. அந்தக் கண்ணிலிருந்து பார்வையைத் திருப்பாமல் எழுதியிருக்கிறார் என்பதற்காக. வரைபடம்தான் இலக்கியத்தைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

ஓநாயே இல்லாத ஒரு கதையும் சுற்றுகிறது. பேரிங் கடலில் செயிண்ட் மேத்யூ என்ற ஆளில்லாத் தீவு. 1944-ல் அங்கே இருந்த அமெரிக்கக் கடலோரக் காவல்படையினர், ஆபத்துக்கு உணவாகட்டும் என்று 29 ரெயின்டீர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். போர் முடிந்து மனிதர்கள் போய்விட்டார்கள். மான்கள் இருந்தன. டேவிட் கிளைன் என்ற ஆய்வாளர் 1957-ல் போய் எண்ணியபோது 1,350. 1963-ல் 6,000. 1966-ல் திரும்பிப் போனபோது தீவு முழுக்க எலும்பு. உயிரோடு 42 மட்டும், அவற்றில் ஆண் ஒன்றே ஒன்று. 1980-களுக்குள் அதுவும் இல்லை.

படித்தால் முதுகு சில்லிடும். ஆனால் இது எப்படிப் பகிரப்படுகிறது என்று கவனியுங்கள். கீழே கட்டாயம் ஒரு வரி இருக்கும்: மனிதகுலத்துக்கும் இதுதான் கதி. மறுசொல்லல்களில் பொதுவாக உதிர்ந்துபோவது 1963-64-ன் குளிர்காலம். அசாதாரணப் பனி. தின்று தீர்ந்த லைக்கனும் அந்தப் பனியும் ஒன்றாகச் சேர்ந்துதான் மந்தையைச் சாய்த்தன. லைக்கன் என்பது வளர்வதற்கு வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் தாவரம் போன்ற ஓர் உயிர், ரெயின்டீரின் குளிர்கால உணவு. மான்கள் தானாக அங்கே போகவில்லை, கொண்டுபோய் விடப்பட்டன. வேறெங்கும் போக வழியில்லை. வேட்டைவிலங்கும் இல்லை. இப்படிப்பட்ட ஒரு இடத்தை ‘இயற்கையின் விதி’ என்று எடுத்துவைப்பது, சிறைச்சாலையைப் பார்த்துவிட்டு மனித இயல்பைப் பற்றி எழுதுவது போல.

கிளைனின் கட்டுரை வெளிவந்தது 1968-ல். அதே வருஷம் பால் எர்லிக் ‘தி பாப்புலேஷன் பாம்’ எழுதினார். வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர். அந்தப் புத்தகம் தொடங்குவது எங்கே தெரியுமா? டெல்லியில், ஒரு டாக்சிப் பயணத்தில். சன்னலுக்கு வெளியே தெரிந்த ஜனங்கள்தான் அவருக்கு ‘அதிகம்’. அதே டெல்லியிலிருந்து ஆண்ட அரசு 1975-77 நெருக்கடி நிலையில் எத்தனை ஏழை ஆண்களை அதட்டியும் இழுத்தும் கருத்தடை முகாமுக்குக் கொண்டுபோனது என்பது நமக்குத் தெரியும். எர்லிக் புத்தகம்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, நானே ஒற்றைக் காரணக் கதை சொல்லக் கூடாது. ஆனால் தாங்குதிறன் என்ற சொல் மான் மந்தையிலிருந்து மனிதக் கூட்டத்துக்குத் தாவும்போதெல்லாம், அளவுக்கு மீறிப் பெருகியவர்கள் யாரோ வேறு ஆட்களாகவே இருக்கிறார்கள். எழுதுகிறவர் ஒருபோதும் அந்த 5,958-ல் ஒருவர் இல்லை.

சரி, ஒற்றைக் காரணம் போதாது என்றால் எத்தனை காரணம் வேண்டும்? இதற்கு எனக்குப் பிடித்த பதில் ஒரு பெருக்கல் கணக்கு. கனடாவின் பனிமுயலும் லின்க்ஸ் பூனையும் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை சேர்ந்து பெருகிச் சேர்ந்து சரியும். ஹட்சன்ஸ் பே கம்பெனியின் தோல் வியாபாரக் கணக்கிலிருந்து சார்ல்ஸ் எல்டனும் மேரி நிக்கல்சனும் லின்க்ஸின் இந்தச் சுழற்சியை 1942-ல் விரிவாக எழுதினார்கள். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் அந்த இரட்டை அலைக்கோட்டை மறந்திருக்க மாட்டார்கள். முயல் ஏறும், பூனை ஏறும், முயல் இறங்கும், பூனை இறங்கும். இருவர் மட்டும் ஆடும் ஆட்டம் என்றுதான் அந்தப் படம் சொல்லும்.

சார்ல்ஸ் கிரெப்ஸ் தலைமையிலான குழு 1986 முதல் 1994 வரை யூகான் பகுதியில், க்ளுவானி என்ற இடத்தில், ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள காட்டுத் துண்டுகளில் இதைச் சோதித்தது. வேட்டைவிலங்கு நுழையாமல் மின்வேலி போட்ட இடத்தில் முயல்கள் இரண்டு மடங்காயின. தீவனம் போட்ட இடத்தில் மூன்று மடங்கு. இரண்டையும் செய்த இடத்தில்? ஆறு மடங்கு என்று எதிர்பார்ப்போம். பதினொரு மடங்கு வந்தது. பசித்த முயல் இரை தேடி ஆபத்தான இடங்களுக்குப் போகிறது. துரத்தப்படும் முயல் சரியாகத் தின்பதில்லை, குட்டியும் குறைவாக ஈனுகிறது. பசியும் பயமும் ஒன்றையொன்று தின்று வளர்கின்றன. முயலைக் கொன்றது பூனையா பட்டினியா என்ற கேள்வியே அங்கே உடைந்துபோகிறது. இன்னொன்று: வேலியும் தீவனமும் இருந்த இடத்திலும் கடைசியில் முயல்கள் சரியத்தான் செய்தன, கொஞ்சம் தாமதமாக.

ஆறுக்கும் பதினொன்றுக்கும் நடுவே இருக்கும் அந்த ஐந்தை எழுதத் தெரிந்தவர்தான் எனக்கு நல்ல இயற்கை எழுத்தாளர்.

அப்படி ஒரு பிரதி இருக்கிறது என்று நினைக்கிறேன். அது புத்தகம்கூட இல்லை, வருடாந்திர அறிக்கை. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்றொரு தீவு. நீளம் சுமார் 70 கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் மான்கள் அங்கே வந்து சேர்ந்தன. நீந்தி வந்தன என்பார்கள், மனிதர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. ஓநாய்கள் 1940-களின் கடைசியில், ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில், பனிக்கட்டிமேல் நடந்து வந்தன. 1958-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வர்டு ஆலன் இரண்டையும் எண்ணத் தொடங்கினார். தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் மாறி இன்னமும் எண்ணுகிறார்கள்.

ஒரு தீவு, ஒரு வேட்டைவிலங்கு, ஒரு பெரிய இரை. இதைவிடச் சுருக்கமான மேடை கிடைக்காது. ஆலனின் மாணவர் டேவிட் மெக் 1966-ல் வெளியிட்ட நூலில் சுமார் 600 மூஸ், இருபத்துச்சொச்சம் ஓநாய் என்று ஒரு சமநிலை தெரிகிறது. நூலின் பெயர் ‘தி வுல்வ்ஸ் ஆஃப் ஐல் ராயல்’. 1995-ல் ரோல்ஃப் பீட்டர்சன் அதே தலைப்பில் ஒரு நூல் எழுதினார், கூடவே துணைத்தலைப்பு ஒன்றும் வைத்தார்: ‘எ புரோக்கன் பேலன்ஸ்’. முப்பது வருஷ வாசிப்பு அந்தத் துணைத்தலைப்புக்குள் இருக்கிறது.

நடுவில் என்னவெல்லாம் நடந்தது? 1980-ல் ஓநாய்கள் ஐம்பது வரை ஏறின. இரண்டே வருஷத்தில் பதினாலு. மூஸ் தீர்ந்ததால் மட்டும் அல்ல. நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பார்வோ வைரஸ், அநேகமாக யாரோ சுற்றுலாப் பயணியின் நாய் வழியாகத் தீவுக்கு வந்திருந்தது. ஓநாய் குறைந்ததும் மூஸ் ஏறி, 1995-ல் 2,400 அளவுக்கு வந்தது. அடுத்த குளிர்காலம் கொடியது, உண்ணித் தொல்லை வேறு. ஒரு மூஸின் உடம்பில் ஆயிரக்கணக்கில் ஏறும் உண்ணி. அரிப்புத் தாங்காமல் உரசி உரசி ரோமத்தை இழந்த மிருகம் குளிரில் நிற்கும். 1997-ல் மிஞ்சியது 500 சொச்சம். அதே 1997-ல் ஒரு தனி ஆண் ஓநாய் பனிக்கட்டி தாண்டித் தீவுக்கு வந்தது. அதன் ரத்தம் கலந்ததில் நோஞ்சானாகிக்கொண்டிருந்த ஓநாய்க் கூட்டம் கொஞ்சகாலம் தலைநிமிர்ந்தது. பிறகு எல்லாமே அந்த ஒன்றின் பிள்ளை பேரனாகி, உள்ளினக் கலப்பு இன்னும் மோசமானது. ஒரு ஓநாய் அப்படி வந்தது என்பதே ஆய்வாளர்களுக்குப் பல வருஷம் கழித்து எச்சத்தில் எடுத்த மரபணுவிலிருந்துதான் தெரிந்தது. 2012-ல் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழியில் மூன்று ஓநாய்கள் மூழ்கிச் செத்துக் கிடந்தன. 2016-ல் தீவில் இரண்டே ஓநாய். அப்பாவும் மகளும், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களும்கூட.

நோய், உண்ணி, பனி, சுரங்கக்குழி, ஒரு வழிப்போக்கன். ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் ‘எதேச்சைச் சம்பவங்கள் ஜாஸ்தி’ என்று நானே குறை சொல்லியிருப்பேன். ஆனால் இவை எதுவும் வெறும் விபத்து இல்லை. ஓநாய் குறைவாக இருந்ததால்தான் ஒரு குழியில் விழுந்த மூன்று பெரிய எண்ணாகிறது. மூஸ் மிதமிஞ்சி இருந்ததால்தான் ஒரு குளிர்காலம் அத்தனையைச் சாய்க்கிறது. பால்சம் ஃபிர் மரத்தின் வளையங்களில்கூட இந்த வரலாறு எழுதியிருக்கிறது: ஓநாய் அதிகம் இருந்த ஆண்டுகளில் அகலமாக, மூஸ் அதிகம் இருந்த ஆண்டுகளில் ஒடுங்கி.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் மூட்டுவலி பற்றியது. செத்த மூஸ்களின் எலும்பை இந்த ஆய்வு பல பத்தாண்டுகளாகச் சேகரிக்கிறது. வயதான பல மூஸ்களுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது. பட்டினிக் காலத்தில் பிறந்து, குட்டியாக இருந்தபோது ஊட்டம் கிடைக்காத மூஸ்களுக்கு இது அதிகம். அப்படி நொண்டும் கிழ மூஸைத்தான் ஓநாய் எளிதாகப் பிடிக்கிறது. அப்படியென்றால் இன்றைக்கு ஓநாய் வாயில் விழும் மூஸைப் பாதி கொன்றது பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு பசி. கொன்றவர் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நம் பக்கமும் இதே வீடியோவின் தமிழாக்கம் ஓடுகிறது. புலி இருந்தால் காடு, காடு இருந்தால் மழை, மழை இருந்தால் ஆறு. மேடைக்கு அழகு. முதுமலைக் காட்டில் உண்ணிச்செடியும் மஞ்சள் பூக்கும் சென்னாவும் அடர்ந்து புல்லை மூடுகிற இடத்தில் புள்ளிமானுக்கு மேய்ச்சல் இல்லை, மான் இல்லாத இடத்தில் புலிக்கும் செந்நாய்க்கும் வேலை இல்லை. அங்கே புலி எத்தனை கம்பீரமாக நடந்தாலும் அந்தச் செடி நகராது, வேரோடு பிடுங்க ஆள் வேண்டும். இதை எழுதுகிறவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பகிரப்படுவது என்னவோ முதல் வாக்கியம்தான்.

2018-19-ல் ஐல் ராயலுக்குப் பத்தொன்பது ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது மூஸ் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. 2024 அறிக்கையில் ஓநாய் 30, மூஸ் சுமார் 840. அந்த வருஷக் கணக்கெடுப்பைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. குளிர்காலத்தில் எண்ணுவதற்குச் சின்ன விமானத்தில் போவார்கள், உறைந்த ஏரியின் மேல் பனிச்சறுக்குச் சக்கையோடு இறங்குவார்கள். 2024 பிப்ரவரியில் வெயில் ஜாஸ்தி, பனிக்கட்டி விமானத்தைத் தாங்கவில்லை, ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். முதல் ஓநாய்கள் நடந்து வந்ததும், 1997-ல் அந்த ஆண் ஓநாய் நடந்து வந்ததும் அதே பனிக்கட்டி மேல்தான்.